இரண்டு தீக்குச்சியும் ஒரு போணி சுக்குக் காப்பியும்

மழையிலும் தீ மூட்டத் தெரிந்தவன் என்று எனக்குச் சான்று சொல்லும் காகிதம் ஒன்று இன்னும் என் தகரப்பெட்டியில் கிடக்கிறது. கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. ஒரு ஆடி மாதத்துக் காலையில் என் மனைவி அதை வெறும் காகிதம் என்று நினைத்து அடுப்பில் செருகிப் பார்த்தாள். ஈரம் கோத்திருந்ததால் பற்றவில்லை. அப்படித்தான் அது தப்பித்தது. நான் தப்பித்த கதையும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆக்டிங் வாத்தியார். ஸ்திரமான வாத்தியார் ஒருவர் கிடைக்கும்வரை அவருடைய நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு அந்தப் பெயர். மூன்று வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெய்யூர்ப் பக்கம் எனக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் என் குணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதில் எனக்கு ஆறுதல்தான். "ஆக்டிங்கா, ஸ்திரமா?" என்று மட்டும் கேட்டார். ஸ்திரமாகட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் பள்ளி மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் சபையில் பெரிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவே அவர் இருமினால்கூடப் பாதிரி ஐயர் நிறுத்திக் கேட்பார்.

"பள்ளியில சாரணர் படை தொடங்கணும்னு எழுத்து வந்திருக்கு. அதுக்கு வாத்திமாருக்குப் பயிற்சி வச்சிருக்காவ, வேளிமலை அடிவாரத்துல. பத்து நாள். நீரு போயிட்டு வாரும். சர்ட்டிபிகேட்டோட வந்தா வேலை ஸ்திரம்."

"இல்லாம வந்தா, சார்?"

"என் தங்கச்சி மவன் வீட்டுல சும்மாதான் இருக்கான்" என்றார் மானேஜர். அவன் சும்மா இருப்பது ஊருக்கே தெரியும். அவ்வளவு திறமையாகச் சும்மா இருக்க அந்தத் தாலுகாவில் வேறு ஆள் கிடையாது.

முகாம் எப்போது என்று கேட்டேன். ஜூன் மாதம் என்றார். ஜூனில் இடவப்பாதி மழை எங்கள் ஊரில் வானத்தைப் பூமியோடு சேர்த்துத் தைத்துவிடும். மாடுகூடத் தொழுவத்தை விட்டு இறங்க யோசிக்கும். ஆனால் சாரணர் வேலைக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் உண்டு, அதில் ஜூன் மாதம் முகாமுக்கு உகந்த மாதம் என்று போட்டிருந்தது. அதை எழுதியவருடைய ஊரில் ஜூன் கோடை. எங்கள் ஊரில் என்ன என்று அவரும் கேட்கவில்லை, எங்களை அனுப்பியவர்களும் அவருக்குச் சொல்லவில்லை.

இருபது வாத்தியார்கள் சேர்ந்தோம். தக்கலையில் ஒரு தையல்காரர் இருபது பேருக்கும் காக்கிக் கால்சட்டை தைத்திருந்தார், ஒரே ஒருவரை அளவெடுத்து. அந்த ஒருவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை; எங்களில் ஒருவருக்கும் அது பொருந்தவில்லை. எனக்குத் தொடையோடு நின்றது. எனக்கு ஜோடியாக வந்த முன்ஷிக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. முன்ஷி என்றால் தமிழ் வாத்தியார். நாஞ்சில் நாட்டு நெல்வயல் ஊர் ஒன்றிலிருந்து வந்தவர், ஐம்பது வயது, சைவம், நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் சின்னக் குடுமி. அந்தத் திருநீற்றுக்குக் கீழே அந்தக் கால்சட்டையைப் பார்க்கிறபோது, இரண்டு வேறு மனிதர்களை இடுப்பில் ஒட்டியது போலிருக்கும். அவருக்கு இந்தச் சர்ட்டிபிகேட்டால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. வேலை ஸ்திரம், ஐந்து வருஷத்தில் பென்ஷன். தலைமையாசிரியர் பழைய பகை ஒன்றைத் தீர்க்க அவரை அனுப்பியிருந்தார்.

முதல் நாள் நாங்கள் வரிசையாக வரப்பில் நடந்துபோகையில், நாற்று வயலில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏட்டி, அந்தா பாரு. வாத்திமாரெல்லாம் பிள்ளையளா மாறிட்டாவ."

"மீசையும் முளைச்சு நரைச்சும்லா இருக்கு, மக்கா. தோத்துப் போயிட்டே இருந்த பிள்ளையளா இருக்கும்."

முன்ஷி தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் மறைந்து நடந்தார். நான் நிமிர்ந்து நடந்தேன். நிமிர்ந்து நடந்தவன்தான் சேற்றில் விழுந்தேன்.

முகாம் அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர். மலையாளத்தில் யோசித்து, இங்கிலீஷில் கோபித்து, எங்களுக்காகத் தமிழில் இறங்கி வருவார். காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டிருப்பார். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, அவர் நடக்கையில் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். அதனால் அவர் வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த வகையில் நல்ல அதிகாரி.

எங்கள் கூட்டத்தில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். படித்ததோடு விட்டிருக்கலாம். மூன்றாம் நாள் சாயங்காலம் அதிகாரி, "ஆரெங்கிலும் தீயைப் பற்றி ஒரு லெக்சர் செய்யுமோ?" என்று கேட்டதும் எழுந்துவிட்டேன். ஒழுகுகிற கூடாரத்துக்குள் ஒரு மணி நேரம் தீயைப் பற்றிப் பேசினேன். சுள்ளி எத்தனை விரற்கடை, அதைக் கூம்பாக அடுக்குவது எப்படி, காற்றுக்கு எந்தப் பக்கம் வாசல் விடுவது, எல்லாம் சொன்னேன். ஈரக்காலத்தில் பிர்ச் என்ற மரத்தின் வெள்ளைப் பட்டையை உரித்து வைத்தால் உடனே பற்றும் என்றும் சொன்னேன்.

"அந்த மரம் நம்ம ஊர்ல உண்டா வே?" என்று முன்ஷி கேட்டார்.

நான் பிர்ச் மரத்தைக் கண்டதில்லை. என் தகப்பனார் கண்டதில்லை. எங்கள் சபைக்கு முதல்முதல் வந்த துரை கண்டிருக்கலாம், அவர் செத்து அறுபது வருஷம் ஆகிறது. ஆனாலும் லெக்சர் செய்கிறவன் தெரியாது என்று சொல்லலாமா?

"ஓடைக் கரையில நிக்குதே நீர்மருது, அதே இனம்தான், முன்ஷி சார். அதுக்கும் வெளுத்த பட்டை."

"அப்படியா" என்றார் முன்ஷி. பத்து நாளில் அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் அவ்வளவு மரியாதையானது அது ஒன்றுதான்.

கடைசி நாள் பரீட்சை. சாயங்காலம் நாலு மணிக்கு ஜோடி ஜோடியாகப் பிரித்து, பாசனச் சானல் கரையோரமாக ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில் எங்களை நிறுத்தினார்கள். ஜோடிக்கு ஒரு அலுமினியப் போணி, அது நிறையத் தண்ணீர், ஒரு ஒட்டிய உறை. உறைக்குள் இரண்டு தீக்குச்சி, உரச ஒரு பட்டை. மண்ணெண்ணெய் கூடாது, காகிதம் கூடாது. இருட்டுவதற்குள் தீ மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அதிகாரி அச்சடித்த படிவத்தோடு வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

மூன்று நாளாக மழை விட்டிருக்கவில்லை. கொட்டும் மழை என்றால்கூட ஒரு மரியாதை உண்டு, கொட்டிவிட்டுப் போகும். இது நூல் மழை, எழுந்து போகத் தெரியாத விருந்தாளி.

முன்ஷி சுற்றும் முற்றும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு. "வே, அங்க காவல் சாளையில கொதும்பு செருகி வச்சிருப்பான். தென்னம்பாளை காஞ்சது. நாலு கொதும்பு, ரெண்டு சிரட்டை, ஒரு தேங்காக் கதம்பல் உரிச்ச நாரு. இது போதும்லா. எங்க வீட்டுப் பொம்பளையளு வருஷம் பூராவும் இதுலதான பொங்குதாவ."

"அது சரியில்ல, முன்ஷி சார். காட்டுல கிடைக்கதை வச்சுத்தான் மூட்டணும். புத்தகத்துல தேங்காயே கிடையாது."

"அப்ப அந்த ஊர்க்காரன் குழம்புக்கு என்ன அரைப்பான்?"

நான் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய் நீர்மருதின் பட்டையை உரித்துக்கொண்டு வந்தேன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் கால் வைத்து நிற்கிற மரம் அது. பெயரிலும் தண்ணீரை வைத்திருக்கிறது. தீ மூட்ட அதைத் தேடிப்போய்க் கொண்டுவந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். மூன்று கல்லை வைத்து, நடுவே பட்டையைப் பரப்பி, சுள்ளிகளைப் படத்தில் கண்டபடி கூம்பாக அடுக்கினேன். அழகாக இருந்தது. அந்தக் கூம்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எரியாது என்பதைத் தவிர.

"உம்ம வேலை, உம்ம குச்சி" என்று முன்ஷி உறையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாறையில் குந்தினார். அவர் தலையில் ஒரு வாழையிலை.

குச்சி நனையக்கூடாது என்று உறையோடு கால்சட்டைப் பின்பைக்குள் வைத்தேன். பிறகு அந்தப் பையின்மேல், ஈரக்கல்லில், அரைமணி நேரம் உட்கார்ந்து கூம்புக்கு இன்னும் சுள்ளி சீவினேன். முதல் குச்சியை உரசியதும் அதன் தலை மட்டும் கழன்று, உரசுகிற பட்டையில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டு விழுந்தது.

"ஒண்ணு போச்சு. மத்தக் குச்சியைத் தலைமயிருல தேயும் வே. ஈரம் இழுக்கும்."

"என் தலையும் நனைஞ்சுதான இருக்கு?"

முன்ஷி வாழையிலையை எடுத்துவிட்டுத் தன் தலையைக் காட்டினார். அப்படி ஒரு காட்சியை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. கால்சட்டை போட்ட ஒரு ஐம்பது வயதுக்காரர் குனிந்து நிற்கிறார், இன்னொருவன் அவர் குடுமியில் தீக்குச்சியைத் தேய்க்கிறான். ஆனால் வேலை நடந்தது. உரசினேன், பற்றியது. கையைக் குவித்துக்கொண்டு கூம்பின் வாசலுக்குள் நீட்டினேன். பட்டையின் ஒரு ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு தீ ஒட்டிக்கொண்டது. மேலே புகை எழுந்தது.

அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. முன்ஷி பக்கம் திரும்பப் போனவன், பாதி திரும்பிக்கொண்டே, "பாத்தீங்களா, பிர்ச்சு" என்றேன். அந்தச் 'சு'வில் தீ அணைந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் போய்விட்டது.

"நல்லாப் பேசுனீரு" என்றார் முன்ஷி.

எனக்கு மானேஜரின் தங்கை மகன் என் நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டுவது தெரிந்தது. நெய்யூர்க்காரர் குடையை எடுப்பதும் தெரிந்தது. சானலுக்கு அந்தப் பக்கம், வயலைத் தாண்டி ஒரு வீட்டுக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. முன்ஷியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடும் வே. ஒரு கதம்பல்ல கங்கு வாங்கிட்டு வாரும். இந்தப் பக்கமெல்லாம் ஊருல தீ வாங்கித்தான எரிக்கோம். விளக்கு வைக்கதுக்கு முன்னால போய்ச் சேரும். வச்சுட்டா தரமாட்டாவ."

"நீங்க போங்க, முன்ஷி சார். உங்க ஆளுகதான. நீங்க கேட்டா தருவாங்க."

"இந்தக் கோலத்திலயா? அது என் மவளுக்க மாமியாருக்குச் சொந்தக்கார வீடாக்கும். நாளைக்கு ஒரு கலியாண வீட்டுல நான் எப்படி முழிக்கது? நீரு போம். உம்மை ஆருக்கும் தெரியாது."

கதம்பல் தேட நேரமில்லை; தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போணியையே எடுத்துக்கொண்டு, தடிப்பாலத்தில் சானலைத் தாண்டி, வரப்பில் ஓடினேன். வரப்பு வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கையில், அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் கையில் விளக்கோடு வந்து நின்று, "விளக்கு" என்று சொல்லி வணங்கி, அதைத் திண்டில் வைப்பது தெரிந்தது. நான் முற்றத்தில் போய் நிற்கையில் திரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையிலிருந்து கால்வரை சேறாக, கால்சட்டையில், கையில் ஒரு போணியோடு நின்ற என்னை அவள் பார்த்தாள். பயப்படவில்லை. முகாமைப் பற்றி அந்தப் பக்கத்துக்கே தெரிந்திருந்தது.

"என்ன சாரே, வழி தெத்திப் போச்சா?"

"கொஞ்சம் தீ வேணும், அக்கா. ரெண்டு கங்கு போதும்."

"இப்பத்தான விளக்கு வச்சேன். நீங்களும் பாத்துட்டுத்தான் நின்னீங்க. விளக்கு வச்ச பொறவு தீயும் உப்பும் படி இறங்காது."

கெஞ்சியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருஷம் ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்திய நாக்கு சும்மா இருக்குமா? தீ கொடுத்தால் தீ குறையாது, லட்சுமி தீயைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதில்லை, இதெல்லாம் பழைய மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"மழையில நனையாதீங்க, சாரே. பிரசங்கத்தைச் சாய்ப்புக்குள்ள நின்னு பண்ணுங்க."

வீட்டை ஒட்டி இறக்கியிருந்த அந்தச் சாய்ப்புக் கூரையடியில் போய் நின்றேன்.

"நீங்க வேதக்காரங்களோ?" கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா. எங்க வீடுகள்ல இந்த வழக்கமெல்லாம் கிடையாது."

"உங்க அம்மை அந்திக்குத் தீ குடுப்பாளோ?"

"குடுப்பாங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. இருபத்தாறு வயதுவரை நான் எங்கள் வீட்டு அடுக்களைக்குள் சோறு கேட்கத் தவிர ஒரு தடவையும் போனதில்லை. என் தாயார் அந்திக்கு என்ன செய்வாள் என்று எனக்கும் அந்தப் பிர்ச் மரத்துக்கும் ஒரே அளவுதான் தெரியும்.

"எதுக்கு இந்நேரத்துல தீயி?"

சொன்னேன். இரண்டு குச்சியைச் சொன்னேன், போணித் தண்ணீரைச் சொன்னேன், மானேஜரின் தங்கை மகனைச் சொன்னேன். நெய்யூரையும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பதற்காகத்தான்.

"தீ தரமாட்டேன். வெந்நி வேணும்னா கொண்டு போங்க."

"பரீட்சை தீ மூட்டதுக்கில்லா, அக்கா?"

"வாற பெரியவரு தீயையா குடிக்கப் போறாரு?"

யோசித்துப் பார்த்தேன். அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எந்த இடத்திலும் இப்படி ஒரு நல்ல கேள்வி இல்லை.

போணியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, சாய்ப்பின் மூலையைக் காட்டினாள். நெல் அவிக்கிற பெரிய அடுப்பு அங்கே இருந்தது, அதில் கங்கு கிடந்தது. "கூரைத் தண்ணியைப் பிடிச்சு அதுல நீங்களே ஏத்துங்க. அது வெளியடுப்பு, ஆரும் ஏத்தலாம்." முன்ஷி வந்திருந்தால் அவருடைய போணி அடுக்களை வரைக்கும் போயிருக்கும். என்னுடையது சாய்ப்போடு நின்றது. மூடநம்பிக்கையைப் பற்றி அவ்வளவு பேசியவன் அதைப்பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை ஸ்திரமாக வேண்டுமே.

அவள் கூரையடியில் செருகியிருந்த ஒரு கொதும்பை உருவி, நாலாகக் கிழித்து, கங்கின்மேல் வைத்து ஒரே ஒரு தடவை ஊதினாள். பிடித்துக்கொண்டது. மேலே இரண்டு சிரட்டை. அவ்வளவுதான். கூம்பும் இல்லை, காற்றுக்கு வாசலும் இல்லை. ஒருவர் தீ மூட்டுவதை வாழ்க்கையில் முதல்முதல் நான் கவனித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் லெக்சர் செய்து ஒரு வாரம் கழித்து.

தண்ணீர் சலசலத்தபோது அவள் உள்ளே போய் ஒரு உள்ளங்கை சுக்குப் பொடியும் ஒரு உடைசல் கருப்பட்டியும் கொண்டுவந்து, எட்ட நின்றே போணிக்குள் போட்டாள்.

"பொண்ணு பாத்து வச்சிருக்குங்கியோ. வெறும் வெந்நியையா கொண்டு போறது?"

போணியின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அடியில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த வரப்பில் திரும்பி வந்தேன். ஓடவில்லை. ஒரு குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாக நான் பிறகு தூக்கியதில்லை. முன்ஷி அதே பாறையில் இருந்தார். போணியை மூன்று கல்லுக்குமேல் வைத்தேன். கீழே நனைந்த என் கூம்பு, மேலே ஆவி.

"வே," என்றார் முன்ஷி, "தீ எங்க?"

"தரமாட்டேன்னுட்டாங்க."

அவர் சிரித்து முடிப்பதற்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

அதிகாரி வந்தார். ஒன்பது ஜோடிகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது இடத்துப் புகையும் அவர் கண்ணில் இருந்தது. பிறகு தெரிந்தது, ஒருவருக்கும் வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை. முகாம் சமையல் கொட்டகை இரண்டு நாளாக முழங்கால் தண்ணீரில் நின்றது. அவரும் எங்களைப் போலப் பழைய கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார். போணியைப் பார்த்ததும் நின்றார். மூக்கு மட்டும் முன்னால் வந்தது.

"எந்தா இது?"

"சுக்குக் காப்பி, சார்."

"தீ எவிடெ?"

எனக்கு வாய் வரவில்லை. பேசவேண்டிய இடத்தில் அது எப்போதும் அப்படித்தான்.

"இருந்தது, சார்" என்றார் முன்ஷி. அதில் பொய் இல்லை. அரிசி அளவுக்கு, மூன்று நொடி இருந்தது.

அதிகாரி குந்தினார். கல்லின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. அந்தக் கல் தவளை வயிறு மாதிரிக் குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு என் கூம்பிலிருந்து ஒரு சுள்ளியை உருவிப் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. சானலுக்கு அப்பால் அந்த வீட்டுப் புகையைப் பார்த்தார். என் உடம்பெல்லாம் ஒட்டியிருந்த வயல் சேற்றைப் பார்த்தார். மூன்று வருஷத்து நாற்காலி அந்தக் கையின்கீழ் இருந்தது. நான் மனதுக்குள் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று வெளியில் சொல்லுகிற மாதிரி இல்லை. ஒரு பொய்க்குக் கர்த்தரைத் துணைக்குக் கூப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்ஷி தோப்பில் பொறுக்கி வைத்திருந்த ஒரு சிரட்டையில் காப்பியை ஊற்றி நீட்டினார். அதிகாரி வாங்கினார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு சிரட்டை குடித்தார். பிறகு மழைக்கோட்டுக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தார். அதில் மூன்றே கேள்விகள் அச்சடித்திருந்தன.

"தீக்குச்சி எத்ர?"

"ரெண்டு, சார்."

"வெள்ளம் திளச்சோ?" தண்ணீர் கொதித்ததா என்று கேட்கிறார்.

"திளச்சது, சார்."

"ஸ்தலம் கிளீனா?"

மூவரும் சுற்றிப் பார்த்தோம். ஒரு கரித்துண்டு கிடையாது, ஒரு பொட்டுச் சாம்பல் கிடையாது, ஒரு புல் கருகவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவரே வந்து மூட்டியிருந்தாலும் இடத்தை அவ்வளவு சுத்தமாக விட்டிருக்க முடியாது.

"ஃபஸ்ட் கிளாஸ்" என்று எழுதினார் அதிகாரி. தீயைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. அச்சடித்தவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் கெட்ட பழக்கம் அவருக்கும் இல்லை. எழுந்து இரண்டடி போனவர் திரும்பினார். "பாக்கி உண்டோ?" என்று கேட்டார். போணியோடு கொடுத்தோம்.

மறுநாள் முகாம் முடிவில், கடும் மழையிலும் வெந்நீர் கண்ட ஒரே ஜோடி என்று எங்களை மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டலுக்கு நடுவே முன்ஷி என் காதில், "தீ இல்லாமப் பொங்கினவன் நீரு ஒருத்தன்தான் வே" என்றார்.

ஆனால் மானேஜர் லேசான ஆள் இல்லை. சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐப்பசியில மிஷன் துரை வாராரு. பிள்ளையளை வச்சுத் தீ மூட்டிக் காட்டும். அவரு பாத்த பொறவு உம்ம கடுதாசில கையெழுத்துப் போடுகேன்" என்றார். ஐப்பசியில் எங்களுக்கு இன்னொரு மழை. வேறு எந்த ஊருக்கும் இரண்டு மழைக்காலம் இல்லை, எங்களுக்கு மட்டும் கடவுள் இரண்டாகக் கொடுத்திருக்கிறார். துரை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்து மழை.

மூன்று மணிக்கே ஒரு கதம்பலை எடுத்துக்கொண்டு, குடைக்குள் பதுங்கி, மானேஜர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். மானேஜரின் மனைவி அடுக்களையில் இருந்தார்கள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. மூடநம்பிக்கையைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் பேசியதில் பாதி அவர்களிடம் கேட்டதுதான். விஷயத்தைக் கேட்டு, இடுக்கியால் இரண்டு கங்கை எடுத்துக் கதம்பல் நாருக்குள் வைத்து, பாளையைச் சுற்றிக் கொடுத்தார்கள். நாலு கொதும்பும் கொடுத்தார்கள்.

"வெளிச்சத்தோட வந்தீரே, நல்லதாப் போச்சு. விளக்குக் கொளுத்தியாச்சுன்னா நான் தீ குடுக்கதில்ல, கேட்டீரா?"

எனக்குச் சாய்ப்பில் நின்று நெஞ்சை நிமிர்த்தியது ஞாபகம் வந்தது. "நாம வேதக்காரங்கள்லா, அம்மா?" என்றேன்.

"வேதம் கோயில்ல. இது அடுக்களை" என்றார்கள்.

ஐந்து மணிக்குத் துரை குடையோடு வந்து நின்றார். இரண்டு மணி நேரம் கதம்பலுக்குள் உறங்கிக் கிடந்த கங்கின்மேல் கொதும்பை வைத்து, வாயை வேறெதற்கும் திறக்காமல், ஒரே தடவை ஊதினேன். பற்றியது. பிள்ளைகள் சுற்றி நின்று பாடினார்கள். எத்தனை தீக்குச்சி என்று துரை கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் வியந்துபோய் அதைச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். மானேஜர் அன்றிரவே கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் கல்யாணம். அடுத்த இடவப்பாதியில் ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் தண்ணீர் ஒழுகி அணைந்துவிட்டது, தீப்பெட்டியும் பிசுபிசுத்துப்போயிற்று. நெய்யூர்க்காரி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"மழையிலயும் தீ மூட்டுவீங்கன்னு எங்க அப்பா பேப்பரைப் பாத்துத்தான என்னைத் தந்தாரு. வந்து மூட்டுங்க."

நான் எழுந்து, மூலையிலிருந்து ஒரு கதம்பலை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்களா என்று வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.